'லோலிடா': குற்றவாளியே கதை சொன்னால் எப்படிப் படிப்பது? திருவள்ளூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றச் சொன்ன ஒரு சொல்

விளாதிமிர் நபோகோவ் எழுதிய 'லோலிடா' நாவல் 1955-ல் பாரிஸில் வெளியானது. 70 ஆண்டுகள் கழித்து, 2025 டிசம்பரில் அந்தப் பெயர் மறுபடியும் செய்திகளில் அடிபட்டது. காரணம், ஜெஃப்ரி எப்ஸ்டீன். சிறுமிகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டிய வழக்கில் கைதாகி, 2019-ல் சிறையிலேயே இறந்துபோன அமெரிக்கப் பணக்காரர். அவர் வசம் இருந்த படங்களில் சிலவற்றை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் வெளியிட்டார்கள். சில படங்களில், பெண்ணின் உடல் மீது இந்த நாவலின் வரிகள் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. அவருடைய தனி விமானத்துக்கும் ஊடகங்கள் 'லோலிடா எக்ஸ்பிரஸ்' என்றுதான் பெயர் வைத்திருந்தன.

ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையைச் சொல்லும் நாவல், அதே கொடுமையைச் செய்கிறவர்களுக்கு எப்படி அலங்காரமாக மாறியது? இந்தக் கேள்வி அமெரிக்காவோடு முடிந்துவிடவில்லை. திருவள்ளூர் நீதிமன்றத்தில் இருந்து டெல்லி வரை போன ஒரு வழக்கும் கிட்டத்தட்ட இதே இடத்தைத்தான் தொட்டது. நடந்ததை யாருடைய வார்த்தையில் சொல்கிறோம் என்பதுதான் அந்த இடம்.

கதை என்ன?

ஹம்பர்ட் ஹம்பர்ட் நன்றாகப் படித்தவன், இலக்கியம் தெரிந்தவன், பேச்சில் இனிமையானவன். அமெரிக்காவின் ஒரு சிறிய ஊரில் ஒரு வீட்டுக்கு வாடகைக்கு வருகிறான். வீட்டுக்காரர் கணவரை இழந்த பெண். அவருடைய மகள் டோலரஸ் ஹேஸுக்கு 12 வயது. மகளை நெருங்குவதற்காகவே தாயைத் திருமணம் செய்துகொள்கிறான். அவன் டைரியைப் படித்து உண்மையைத் தெரிந்துகொண்ட தாய், பதறி வெளியே ஓடும்போது கார் மோதி இறக்கிறார்.

அம்மா இறந்ததை மறைத்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்லி சிறுமியை அழைத்துப் போகிறான். தூக்க மாத்திரை கொடுக்கிறான். பிறகு சுமார் ஒரு வருடம், ஊர் ஊராக, விடுதி விடுதியாகக் காரிலேயே கூட்டிக்கொண்டு சுற்றுகிறான். 14 வயதில் அவள் தப்பிக்கிறாள். தப்பிக்க உதவியவனும் அதே மாதிரியான ஆள்தான். 17 வயதில் திருமணமாகிக் கர்ப்பமாக இருக்கிறாள். பிரசவத்தில் இறந்துபோகிறாள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஹம்பர்ட் சிறைக்குப் போவது சிறுமிக்குச் செய்ததற்காக அல்ல. அவளைக் கூட்டிப்போன இன்னொருவனைச் சுட்டுக் கொன்றதற்காக. சிறுமிக்கு நடந்த குற்றத்துக்காக நாவலில் வழக்கு விசாரணை எதுவுமே நடப்பதில்லை.

சொல்பவர் யார்?

இங்கேதான் சிக்கல். மேலே சொன்னதை நாவல் இவ்வளவு நேராகச் சொல்லாது. மொத்தக் கதையையும் சொல்வது ஹம்பர்ட். சிறையில் விசாரணைக்காகக் காத்திருக்கும்போது, ஜூரிகளைப் பார்த்துப் பேசுவது போல எழுதுகிறான். அதாவது நம் கையில் இருப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலம். எதிர்த்தரப்பு இல்லை, சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை.

அதோடு அவன் மொழி அழகானது. நகைச்சுவை உண்டு, கவிதை உண்டு, சுயபரிதாபம் உண்டு. படித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அவனுக்காக வருத்தப்பட ஆரம்பித்துவிடுவோம். இலக்கிய விமர்சனத்தில் இப்படிப்பட்டவரை 'நம்பத்தகாத கதைசொல்லி' என்பார்கள். எல்லாவற்றையும் பொய்யாகச் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. எதைச் சொல்வது, எதை மறைப்பது, எந்த வார்த்தையில் சொல்வது என்ற மூன்றையும் தன் வசதிக்குத் தேர்ந்தெடுக்கிறார் என்று அர்த்தம்.

முதல் மோசடி பெயரிலேயே இருக்கிறது. சிறுமியின் பெயர் டோலரஸ். ஸ்பானிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'துயரங்கள்' என்று பொருள். 'லோலிடா' என்பது அவன் வைத்த பெயர். அந்தப் பெயர் இன்று ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது. அதன் பொருள், வயதுக்கு மீறி ஆண்களைக் கவரும் சிறுமி. சிறுமியைக் கடத்தி வைத்திருந்தவன் வைத்த பெயரை, உலகம் சிறுமிகளுக்கான வர்ணனையாக எடுத்துக்கொண்டது. 1962-ல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த படத்தின் போஸ்டரில் இதய வடிவக் கண்ணாடியும் லாலிபாப்பும் வந்தன. நாவலைப் படிக்காத பலருக்கும் தெரிந்த 'லோலிடா' அந்தப் போஸ்டர்தான்.

உண்மை எங்கே ஒளிந்திருக்கிறது?

நாவலைத் திருப்பிப் படித்தால் ஹம்பர்ட்டே அறியாமல் விட்டுச்செல்லும் தடயங்கள் கிடைக்கும். அவன் தூங்குவது போல நடிக்கும்போது சிறுமி ஒவ்வொரு இரவும் அழுகிறாள். அவன் கொடுக்கும் சில்லறைக் காசை, தப்பிக்க உதவும் என்று சேர்த்து ஒளித்து வைக்கிறாள். இவை அழகான பத்திகளுக்கு நடுவே ஓரிரு வரிகளில் வந்து போகின்றன. வேகமாகப் படிப்பவர் கவனிக்காமலே கடந்துவிடலாம்.

அவள் இறந்த செய்திகூட அப்படித்தான். நாவலின் முன்னுரையிலேயே, திருமணத்துக்குப் பிந்தைய பெயரில், ஒரே வாக்கியத்தில் அது சொல்லப்பட்டுவிடுகிறது. அந்தப் பெண் யார் என்று முதல் வாசிப்பில் யாருக்கும் தெரியாது.

அந்தத் தடயங்களை மட்டும் தனியே எடுத்து அடுக்கினால், இன்று குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சிகளில் சொல்லித்தரும் பட்டியல் அப்படியே கிடைக்கும்:

• உள்ளே நுழைவது: வாடகைக்கு, டியூஷனுக்கு, உதவிக்கு என்று ஏதோ ஒரு நியாயமான காரணத்தோடு வருவது.

• பெரியவர்களின் நம்பிக்கையைப் பெறுவது: குழந்தையிடம் நெருங்கும் முன்பே குடும்பத்தாரிடம் நல்ல பெயர் எடுப்பது.

• தனிமைப்படுத்துவது: குழந்தையைத் தோழிகளிடம் இருந்தும் உறவினர்களிடம் இருந்தும் பிரிப்பது.

• பரிசும் காசும்: வாங்கிக்கொண்டதாலேயே தானும் உடந்தை என்று குழந்தையை நினைக்க வைப்பது.

• மிரட்டல்: நாவலில் ஹம்பர்ட், தான் சிக்கினால் சிறுமியை அரசு விடுதியில் போட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறான்.

• பழியைத் திருப்புவது: ஆரம்பித்ததே அவள்தான் என்று கடைசியில் சொல்வது.

நிஜத்திலும் இப்படி நடந்ததா?

நடந்தது. 1948-ல் அமெரிக்காவின் கேம்டன் நகரில் சாலி ஹார்னர் என்ற 11 வயதுச் சிறுமி, கடையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திருடியதை ஒருவன் பார்த்துவிட்டான். தன்னை எஃப்.பி.ஐ. அதிகாரி என்று சொல்லி மிரட்டிக் கடத்தினான். வெளியாட்களிடம் தந்தை என்று சொல்லிக்கொண்டு 21 மாதங்கள் ஊர் ஊராகக் கொண்டு போனான். 1950 மார்ச்சில் சிறுமி மீட்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளில், 15 வயதில் கார் விபத்தில் இறந்தார். நபோகோவ் தன் நாவலிலேயே இந்த வழக்கைப் பெயரோடு ஓரிடத்தில் குறிப்பிடுகிறார்.

பிரான்ஸில் நடந்தது இன்னும் நேரடியானது. கேப்ரியல் மாட்ஸ்னெஃப் என்ற எழுத்தாளர், சிறுவர் சிறுமியருடனான தன் 'உறவுகளை' புத்தகங்களாகவே எழுதி, விருதும் வாங்கினார். அவரால் 14 வயதில் பாதிக்கப்பட்ட வனெசா ஸ்ப்ரிங்கோரா, 2020 ஜனவரியில் தன் பக்கத்தைப் புத்தகமாக எழுதினார். பல ஆண்டுகளாக வாயை மூடிக்கொண்டிருந்த இலக்கிய உலகம் ஆடிப்போனது. பதிப்பகங்கள் மாட்ஸ்னெஃப் நூல்களின் விற்பனையை நிறுத்தின. 2021-ல் பிரான்ஸ் சட்டமே மாறியது. 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் 'சம்மதம்' இனி வாதமாகாது என்றானது.

இந்தியா இந்த நாவலை என்ன செய்தது?

1959-ல் இறக்குமதியான பிரதிகளை பம்பாய் சுங்கத் துறை நிறுத்தி வைத்தது. அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய்க்கு இது ஆபாசம் என்பதில் சந்தேகமே இல்லை. விவகாரம் பிரதமர் நேருவிடம் போனது. அவர் புத்தகத்தைப் படித்துப் பார்த்தார். மனதைத் தொந்தரவு செய்கிறது, ஆனாலும் தீவிரமான நோக்கத்தோடு எழுதப்பட்டது, தடை தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தார். புத்தகம் உள்ளே வந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1964-ல், 'லேடி சாட்டர்லீஸ் லவர்' நாவலை விற்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆபாசம் என்று தீர்ப்பளித்தது. வயது வந்த இருவரின் உறவைச் சொன்ன நாவல் சிக்கியது. குழந்தையை வேட்டையாடியவனின் கதை தப்பியது.

அன்றைய விவாதம் முழுக்க 'ஆபாசமா, இலக்கியமா' என்பதில் நின்றுவிட்டது. அந்தச் சிறுமிக்கு என்ன நடந்தது என்ற கேள்வி பக்கத்திலேயே வரவில்லை.

திருவள்ளூர் வழக்கு: ஒரு சொல் ஏன் மாறியது?

அந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வந்தது, திருவள்ளூரில் இருந்து.

அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஓர் இளைஞர் மீது வழக்குப் பதிவானது. அவருடைய செல்போனில் குழந்தைகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகும் வீடியோக்கள் இருந்தன என்பது குற்றச்சாட்டு. வழக்கு திருவள்ளூர் மகளிர் விரைவு நீதிமன்றத்தில் இருந்தது. 2024 ஜனவரி 11 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தனிமையில் பார்த்தார், யாருக்கும் அனுப்பவில்லை, அதனால் குற்றமில்லை என்பது அதன் பார்வை.

குழந்தை உரிமை அமைப்புகள் மேல்முறையீடு செய்தன. 2024 செப்டம்பர் 23 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா அமர்வு உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. இத்தகைய காட்சிகளைப் போக்சோ சட்டத்தின் 15-வது பிரிவு சொல்லும் சூழ்நிலைகளில் அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்றது. வழக்கு மீண்டும் திருவள்ளூர் நீதிமன்றத்துக்கே அனுப்பப்பட்டது.

தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு. 'சைல்டு போர்னோகிராஃபி' என்ற சொல்லையே இனி நீதிமன்றங்கள் பயன்படுத்தக் கூடாது என்று அமர்வு உத்தரவிட்டது. அதற்குப் பதிலாக 'குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும், வன்கொடுமை செய்யும் காட்சிகள்' என்று பொருள்படும் சொற்றொடரை முன்வைத்தது. சட்டத்தையே அப்படித் திருத்துவது பற்றி நாடாளுமன்றம் பரிசீலிக்க வேண்டும் என்றும் சொன்னது.

ஏன் இந்த மெனக்கெடல்? 'போர்னோகிராஃபி' என்றால் வயது வந்தவர்கள் சம்மதித்து நடித்தது என்ற எண்ணம் வரும். குழந்தை விஷயத்தில் அப்படி ஒன்று இருக்கவே முடியாது. அந்த வீடியோ ஒவ்வொன்றும் ஒரு குற்றம் நடந்ததன் பதிவு. பார்ப்பவரின் பக்கத்தில் இருந்து பிறந்த சொல்லைத் தூக்கிவிட்டு, குழந்தையின் பக்கத்தில் இருந்து ஒரு சொல்லை நீதிமன்றம் வைத்தது. 'லோலிடா' என்று கூப்பிடாமல் டோலரஸ் என்று கூப்பிடுவதும் இதே வேலைதான்.

நம் செய்தி மொழி எப்படி இருக்கிறது?

தமிழில் இந்த மாற்றம் பாதி வழியில் நிற்கிறது. 'கற்பழிப்பு' என்ற சொல் பெரும்பாலும் போய், 'பாலியல் வன்கொடுமை' வந்துவிட்டது. பழைய சொல்லில் எதையோ இழந்தவர் பாதிக்கப்பட்டவர்தான் என்ற பொருள் இருந்தது. புதிய சொல்லில் குற்றம் செய்தவர் தெரிகிறார்.

ஆனால் 'சில்மிஷம்' இன்னும் போகவில்லை. குழந்தையிடம் செய்த பாலியல் குற்றத்தை ஏதோ விளையாட்டுக் குறும்பு போலக் காட்டும் சொல் அது. 'ஆசை வார்த்தை கூறி உல்லாசம்' என்ற வரியை எத்தனை முறை படித்திருப்போம்! யாருக்கு உல்லாசம்? 15 வயதுச் சிறுமியைப் பற்றிய செய்தியில் 'காதல் விவகாரம்' என்று எழுதினால், அது யார் சொன்ன கதை? கைதானவர் போலீசில் சொன்னதை அப்படியே எடுத்துப் போட்டால், நாமே ஹம்பர்ட்டின் டைரியை அச்சடிக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

கும்மிடிப்பூண்டி: ஆபத்து வெளியில் இருந்து மட்டும்தானா?

2025 ஜூலை 12 அன்று, கும்மிடிப்பூண்டி அருகே பள்ளி முடிந்து தனியாக நடந்துபோன ஒரு சிறுமி தூக்கிச் செல்லப்பட்டு பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். சிசிடிவி காட்சி தமிழ்நாட்டையே உலுக்கியது. சுமார் இரண்டு வாரத் தேடலுக்குப் பிறகு, வடமாநிலத்தைச் சேர்ந்த ஒருவரை போலீசார் கைது செய்தார்கள். அந்தக் குடும்பம் அனுபவித்ததை எந்த ஒப்பீட்டாலும் சிறிதாக்க முடியாது.

ஆனால் இந்த ஒரு சம்பவத்தை வைத்து, ஆபத்து என்றாலே அந்நியர், வெளியூர்க்காரர் என்று முடிவுகட்டினால் பெரும்பாலான குழந்தைகளைக் கைவிட்டுவிடுவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். குழந்தைகள் மீதான பாலியல் வன்புணர்வு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், வேலை தருபவர். 2018-ல் சென்னை அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் செவித்திறன் குறைபாடு உள்ள 11 வயதுச் சிறுமிக்குப் பல மாதங்கள் கொடுமை செய்தவர்கள், லிஃப்ட் இயக்குபவர், காவலாளி என்று தினமும் பார்க்கும் முகங்கள்தான். அந்த வழக்கில் 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது.

நாவலிலும் ஹம்பர்ட் இருட்டில் பதுங்கி இருந்தவன் அல்ல. வீட்டுக்குள் உட்கார்ந்து காபி குடித்தவன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, மாவட்டத்தின் செங்கல் சூளைகள் என்று இந்தப் பகுதி முழுக்க வேலைக்கு வந்த குடும்பங்கள் நிறைய. ஒடிசா, பிகார், அசாம் என்று பல ஊர்க்காரர்கள். அப்பா அம்மா ஷிஃப்டுக்குப் போனால், வரிசை வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பக்கத்து அறைக்காரரோ ஒப்பந்ததாரரின் ஆளோதான். தமிழ் தெரியாத குழந்தைக்கு ஏதாவது நடந்தால் யாரிடம், எந்த மொழியில் சொல்லும்? வெளியூர்க்காரர்களைச் சந்தேகப் பட்டியலில் வைக்கும்போது, அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள் என்பது மறந்துபோகிறது.

சட்டம் யாருடைய குரலைக் கேட்கச் சொல்கிறது?

2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கும் போக்சோ சட்டம், ஹம்பர்ட் மாதிரி ஆட்களின் கதைக்கு நேர் எதிராக எழுதப்பட்டது போலவே இருக்கும். முக்கியமான அம்சங்கள்:

• 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தை, ஆணோ பெண்ணோ. 'அவளும் விரும்பினாள்' என்ற வாதத்துக்கு இடமில்லை.

• குழந்தை சொல்வதை, குழந்தை சொன்னபடியே பதிவு செய்ய வேண்டும். பெற்றோர் அல்லது குழந்தை நம்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

• வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாங்கலாம். முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும்.

• பதிவு செய்யும் மொழி குழந்தைக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். ஒடியா பேசும் குழந்தைக்கும் இது உரிமை.

• உறவினர், பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர், ஆசிரியர், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்தால் தண்டனை அதிகம்.

• குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குற்றம். ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். நிறுவனத் தலைவர் தன் ஊழியர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை.

• குழந்தையின் பெயர், படம், வீட்டு முகவரி, பள்ளி என அடையாளம் தெரியும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வாட்ஸ்அப்பில் பரப்புபவர்களும் சட்டத்தின் பிடிக்குள் வருவார்கள்.

நாவல் முழுவதும் டோலரஸ் வாயால் ஒரு முழு வாக்குமூலம் கிடையாது. அவள் பேசுவதெல்லாம் ஹம்பர்ட் நினைவில் வைத்துச் சொல்வது. குழந்தை சொன்னபடியே எழுது என்கிற ஒற்றை விதி எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போது புரியும்.

அப்படியானால், இந்த நாவலைப் படிக்கலாமா?

படிக்காமல் விடுவதும் ஒருவரின் உரிமைதான். குறிப்பாக, இப்படிப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் தங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. பள்ளி மாணவர்கள் கையில் விளக்கம் இல்லாமல் கொடுக்கும் புத்தகமும் இல்லை இது.

படிப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். இதைச் சொல்வது யார்? சொல்வதால் அவருக்கு என்ன லாபம்? இந்தப் பக்கத்தில் குழந்தை என்ன செய்துகொண்டிருக்கிறாள்? ஈரானிய எழுத்தாளர் அசர் நஃபிசி டெஹ்ரானில் தன் மாணவிகளோடு இந்த நாவலைப் படித்த அனுபவத்தை 2003-ல் புத்தகமாக்கினார். அவர்கள் கண்டதும் இதுதான்: ஒருவருடைய வாழ்க்கையை இன்னொருவர் பறித்துக்கொண்டு, அதைத் தன் கதையாகச் சொல்வது.

இதே மூன்று கேள்விகள் நாவலுக்கு வெளியிலும் வேலை செய்யும். தெருவில் ஒரு புகார் வந்ததும் 'அவர் எவ்வளவு நல்ல மனுஷன் தெரியுமா' என்று ஒரு குரல் முதலில் வரும். அந்தக் குரலைக் கேட்கும் முன், குழந்தை என்ன சொல்கிறது என்று கேட்டோமா?

எங்கே புகார் செய்வது?

குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, பள்ளி தொடர்பான புகார்களுக்கு 14417. அவசர போலீஸ் உதவிக்கு 112. இணையத்தில் பரவும் காட்சிகள் குறித்து தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். அத்தகைய வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தால், 'போலீசுக்குக் காட்டுகிறேன்' என்று பலருக்கும் அனுப்பாதீர்கள். எந்த எண்ணில் இருந்து, எப்போது வந்தது என்பதைக் குறித்துக்கொண்டு உடனே போலீசில் தெரிவியுங்கள்.